பூங்காவின் சாவி யாரிடம் இருக்கிறது?

மதுரையில் வைகைக் கரையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எந்த அலுவலகம் என்று குறிப்பிடாமல் பொதுவாக எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆறு ஒரு துறை, ரோடு ஒரு துறை, பூங்கா இன்னொரு துறை என்று மாற்றி மாற்றி அனுப்பிவைத்ததில் யாருக்கு மனுப் போடுவது என்று எனக்கே குழம்பிவிட்டது. உங்களுக்குள் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இரு கரையிலும் சுவர் எழும்பியதையும் ரோடு வந்ததையும் நான் குறைசொல்லவில்லை. யானைக்கல் நெரிசலில் மாட்டாமல் போகமுடிகிறது, அதற்கு நன்றி. ஆனால் அந்த ரோட்டில் வண்டி போகலாம், மனுஷன் நடக்க முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவருக்கு 79 வயது. பேச்சியம்மன் படித்துறையிலிருந்து ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் வரை கரையோரமாக ஒரு நடை நடந்துவிட்டு வரவேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் அவர் நடந்த தூரம்தான் அது. கோடையில் மணலைக் கொட்டாங்குச்சியால் தோண்டி, ஊறிவரும் தண்ணீரை வேட்டி முனையில் வடிகட்டிக் குடித்ததை இன்றைக்கும் சொல்வார்.

வழியில் பூங்கா. நடைபாதை அதற்குள்தான் போகிறது. கேட்டில் பூட்டு. அங்கே உட்கார்ந்திருந்த காவலாளியிடம் கேட்டேன். "சாவி எங்கிட்ட இல்லண்ணே. சாயங்காலம் வந்து பாருங்க" என்றார். அவர் மேல் கோபமில்லை, பாவம். திறந்துவைத்தால் குடிக்க வந்துவிடுவார்கள் என்பதுதான் காரணமாம். பூட்டிய கேட்டுக்கு உள்ளேதான் காலி பாட்டில்கள் கிடந்தன. அவர்களுக்கு மட்டும் சாவி எங்கே கிடைக்கிறது என்று விசாரித்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

வேறு வழியில்லாமல் ரோட்டிலேயே நடந்தோம். எதிரே ராங் சைடில் வந்த பைக் ஒன்று முழங்கையை உரசாத குறையாகப் போனது. அப்பா பதறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த இடத்தில் சுவர் அவர் மோவாய்க்கு இருந்தது. எக்கிப் பார்த்தும் தெரியவில்லை.

"தண்ணி ஓடுதாடா?"

"ஓடுதுப்பா."

"எம்புட்டு?"

"முழங்கால் அளவு இருக்கும்."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆகாயத்தாமரைக்கு நடுவே சாக்கடை கலந்து ஓடியதை நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் கைவைத்து நின்றுவிட்டு, ஆட்டோ பிடி, வீட்டுக்குப் போவோம் என்றார்.

எனக்குத் தோரண வாயிலோ வண்ண விளக்கோ செல்ஃபி எடுக்கும் இடமோ வேண்டாம். கரையில் நடக்க வழி விடுங்கள். காலை ஐந்து மணிக்குப் பூங்காவைத் திறந்துவையுங்கள். பழைய படித்துறைகளுக்கு நேராகச் சுவரில் ஓர் இடைவெளி விட்டு, கைப்பிடியோடு நாலு படி கட்டுங்கள். வெள்ளம் வந்தால் அடைக்க ஒரு இரும்புக் கதவு போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வைகை அணையில் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று அறிவிக்கிறீர்கள். நல்லது. இறங்க எங்கே வழி இருக்கிறது என்பதையும் அப்படியே சொல்லிவிட்டால் நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்போம்.

சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் வரும்போது மட்டும் ஆற்றைச் சுத்தம் செய்கிறீர்கள், மண்ணை நிரவுகிறீர்கள், தண்ணீர் திறக்கிறீர்கள். சாமிக்குச் செய்வதை வேண்டாம் என்பேனா? மறுநாளிலிருந்து பந்தல்குடிக் கால்வாய் தன் பங்குச் சாக்கடையைக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கிவிடுகிறது. ஆற்றுக்கு நடுவே உள்ள மைய மண்டபமும், 1889இலிருந்து பாரம் சுமக்கிற ஏ.வி. பாலமும் வருஷம் முழுக்க அங்கேயேதான் நிற்கின்றன. வெளியூர்க்காரர்கள் அவற்றைப் பார்க்க பஸ் ஜன்னல்தான் வசதி.

கரைவேலையில் குறை வைத்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தபோது அடி எல்லார் முதுகிலும் விழுந்த ஊர் இது. ஆவணி தவறாமல் புட்டுத்தோப்பில் அதைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறோம். இன்றைக்கும் எங்கள் முதுகில்தான் விழுகிறது, ஒரு வித்தியாசமும் இல்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கேட்பது பெரிய காரியம் இல்லை. கரையில் நடக்க வழி விடுங்கள். படிகளுக்கு நிதி ஒதுக்கும்போது ஒதுக்குங்கள். பூட்டைத் திறக்க டெண்டர் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அப்பாவை மறுபடி கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் கேட்டைத் திறந்துவைக்கும்படி, முடியாவிட்டால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையாவது காவலாளியிடம் சொல்லிவைக்கும்படி, தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்கரைவாசி ஒருவன்