சைலன்சருக்கு முன்பு பிளக்கை மாற்று, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

சத்தியமங்கலத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். நீ அனுப்பியிருந்த பட்டியலை நேற்றுக் கடையை அடைத்த பிறகு நிதானமாகப் படித்தேன். திறந்த கூம்பு ஏர் ஃபில்டர், பெரிய வாய் வைத்த சைலன்சர், ஈசியூ ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றுவது), பதினாறு அங்குல அலாய் வீல் என்று நீ கேட்டிருப்பவற்றை எல்லாம் கூட்டினால் எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மாமாவிடமிருந்து உன் கைக்கு வந்த அந்தப் பழைய ஸ்விஃப்ட் காரில் அவ்வளவு பணத்தைப் போட எனக்கு மனமில்லை. ஆனால் மனமில்லை என்பதை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் உனக்குப் பதில் சொன்னதாகாது. பத்தொன்பது வயதில் முதன்முதலாகக் கையில் கிடைத்த காரை நன்றாக ஓட வைக்க வேண்டும் என்று நீ நினைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மகள், ஓட்டும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தால்தான் நான் வருத்தப்பட வேண்டும்.

சரவணம்பட்டியிலிருந்து ஊருக்கு வரும்போது, அன்னூரைத் தாண்டி ஒரு லாரியை முந்த முயன்றால், ஏசி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்றாவது கியரில்கூட வண்டி இழுக்கத் தயங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். இது அலட்சியப்படுத்தக்கூடிய குறை அல்ல. முந்தும்போது எதிர்த்தடத்தில் கழியும் ஒவ்வொரு நொடியும் ஆபத்தானது என்பதால், பிக்கப் வேண்டும் என்று நீ கேட்பது நியாயம். ஆனால் உன் பட்டியலில் உள்ள எந்தப் பொருளும் அந்தத் தயக்கத்தைத் தீர்க்காது. உன் மாமாவின் ஸ்விஃப்ட் 2014-இல் வந்தபோது அதன் 1197 சிசி பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 84 குதிரைத்திறன் தந்தது. அந்த எடைக்கு அது தாராளமான திறன். இப்போது அது குறைந்திருப்பதாக நீ உணர்ந்தால், எங்கோ சிறிது சிறிதாகக் கசிந்து போயிருக்கிறது என்றுதான் பொருள். இல்லாத திறனைச் சேர்ப்பதற்குத்தான் செலவு அதிகம். இழந்த திறனை மீட்பது மலிவான வேலை.

மாமா அந்த வண்டியை எப்படி ஓட்டினார் என்பதை நினைத்துப் பார். குழந்தைகளைப் பள்ளியில் விடுவதும், சந்தைக்குப் போய் வருவதும், மற்ற நாள்களில் கொட்டகையில் நிறுத்தி வைப்பதுமாகவே அதன் காலம் கழிந்தது. எஞ்சின் முழுமையாகச் சூடேறுவதற்கு முன்பே அணைக்கப்படும் வண்டியில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கிலும், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலும் கரி படியும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி என்பதாலேயே நல்ல வண்டி என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சாதாரண நிக்கல் பிளக் முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் வரைதான் சரியாக உழைக்கும்; உன் மீட்டர் அதைத் தாண்டிவிட்டது, மாமா அதை மாற்றியதாகவும் தெரியவில்லை. நான்கையும் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்தது எது என்று தெரியும்படி வரிசையாக ஒரு வெள்ளைத் துணியின் மேல் வை. நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலமாக எரிகிறது. விரலில் ஒட்டும் உலர்ந்த கரியாக இருந்தால் காற்று போதவில்லை, அல்லது பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுபிசுப்போடு இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே எரிகிறது என்று பொருள். அது வேறு கதை, அப்போது அப்பாவோடு பேசிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட வேண்டும். நுனி வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால் அதிகச் சூடு. பழைய பிளக்கில் மின்முனை தேய்ந்து இடைவெளி இருக்க வேண்டிய அளவைத் தாண்டி அகன்றிருக்கும். அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாயக் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் அதிக மின்னழுத்தம் தர வேண்டியிருக்கும். ஏசி போட்டு, பாரமேற்றி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த நேரத்தில்தான் பொறி தவறும். நீ எழுதியிருக்கும் தயக்கத்தைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். நான்கு பிளக்கும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். எஞ்சின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும்; மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால், மரை கோணலாக ஏறிவிட்டால் மலிவான வேலை பெரிய வேலையாகிவிடும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது அடைத்தால் மைலேஜ் விழும். ஊசி முறையில் பெட்ரோல் பாயும் இன்றைய வண்டிகளில், வரும் காற்றின் அளவுக்கு ஏற்ப ஈசியூ பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் மைலேஜ் பெரிதாக மாறாது, பிக்கப்தான் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துச் சொன்னதும் இதையே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பெனி காகித ஃபில்டரே போதும். நீ கேட்ட திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் ஆக்சிஜனும் குறைவு. கம்பெனி பொருத்திய குழாய் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. கூம்பு மாட்டினால் சத்தம் கூடும்; சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். ஃபில்டர் மாற்றும் அன்றே த்ராட்டில் பாடியையும் அதற்குரிய ஸ்ப்ரே அடித்துத் துடைத்துவிடலாம்.

ரீமேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்த டீசல் வண்டியில் அது பெரிய மாற்றத்தைத் தரும், ஏனென்றால் அங்கே காற்றழுத்தத்தையே கூட்ட முடியும். உன்னுடையது டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சின். அதில் நூற்றுக்கு ஐந்து கூடினாலே பெரிது, அதாவது நான்கு குதிரைத்திறன். அதைத் தேய்ந்த பிளக் ஒன்றே தின்றுவிடும். விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான். சாதாரணப் பெட்ரோலுக்கு வடிவமைத்த எஞ்சினுக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் மைலேஜ் சிறிது குறைவதைக் குறையாக எண்ணாதே, எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிடக் குறைவு. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் பெட்ரோல் குழாய்களில் வெடிப்போ கசிவோ உள்ளதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டயருக்கு வருகிறேன், இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். போன முறை நீ வந்திருந்தபோது நான் குனிந்து பார்த்தேன். 2217 என்று இருந்தது, அதாவது 2017-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் வார்த்த டயர். பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், ஆழமாக இருக்கிறது என்று நீ சொன்னாய். இருக்கலாம், ஆனால் வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகி, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கின்றன. இறுகிய டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. எஞ்சின் எவ்வளவு திறன் தந்தாலும் அது சாலையைச் சேர்வதும், நீ பிரேக் மிதிக்கும்போது வண்டி நிற்பதும் உள்ளங்கை அளவுள்ள அந்த நான்கு ரப்பர் துண்டுகளால்தான். பதினாறு அங்குல வீல் வேண்டாம். சக்கரம் கனமானால் அதைச் சுழற்றவே எஞ்சினின் பலம் போகும், பிக்கப் இன்னும் குறையும். கம்பெனி அளவான 165/80 ஆர்14-இலேயே நான்கு புது டயர் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்துவிடலாம். உன் பட்டியலில் பாதித் தொகைக்குள் அது முடியும், அந்தச் செலவு என்னுடையது. காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கிறது. டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பிடி.

தோழிகளோடு திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூர் வழியாக மைசூர் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். போய் வா, ஆனால் பிரேக் ஆயிலை மாற்றிய பிறகு. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். புதிதாக இருக்கும்போது தேன் போலத் தெளிந்திருக்கும். உன் வண்டியில் டப்பாவின் மூடியைத் திறந்தால் கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, எண்ணெய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் வெறுமனே தரைவரை போய்விடும். பண்ணாரிக்கு இறங்கி வந்து நேராக நம் கடைக்கு வரும் ஓட்டுநர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரிக்காரர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும்.

சைலன்சரை மட்டும் தொடாதே, அம்மிணி. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு எதிரானது. அபராதம் கட்டிவிடலாம் என்று நீ நினைக்கலாம். ஆனால் அறிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி ஒரு விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கைவிரித்தால் அந்தத் தொகையை நம்மால் தாங்க முடியாது. இன்சூரன்ஸ் இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். ஆர்சியோடு சேர்த்து அதையும் இந்த மாதமே மாற்றிவிட வேண்டும்.

வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே மனதில் இருக்கிறது என்றால் அதையும் நான் தடுக்கவில்லை. நீ படிக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர்தான். முறையான பயிற்சியில் சேர்ந்து, தலைக்கவசம் அணிந்து, எதிரே வண்டி வராத தடத்தில் ஓட்டக் கற்றுக்கொள்வதாக இருந்தால் அதற்குப் பணம் கேள், அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

இன்னொன்று, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் கைபேசியிலேயே கோளாறுக் குறியீடு தெரியும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் பொறி தவறுகிறது என்று பொருள். கடைசி இலக்கம்தான் சிலிண்டரின் எண். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் குறியீட்டை முதலில் எழுதி வைத்துக்கொண்டு போ, தேவையில்லாத பாகத்தை உன் தலையில் கட்ட முடியாது.

சனிக்கிழமை காலையிலேயே புறப்பட்டு வந்துவிடு. டிக்கியில் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டியையும் மாமாவின் பழைய இரும்புச் சாமான்களையும் இறக்கி வைத்துவிட்டு வா, சுமை குறைந்தால் வண்டிக்கும் நல்லது. பிளக்கும் ஃபில்டரும் பிரேக் ஆயிலும் கடையில் உன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். பிளக்கை நீயே கழற்ற வேண்டும், அப்பா பக்கத்தில் நிற்பார். டயர்க் கடைக்கு மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வரும்போது ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா