கெண்டைக்கால் பிடித்தபோது உடன் நின்ற அம்மாவுக்கு நன்றி

சென்னை ஐஐடி வளாகத்தில் நடைபெற்ற டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில், முதன்முறையாக ஓட வந்த எனக்குத் துணைநின்ற, பெயர் அறியாத அந்த அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பாதி தூரம் கடந்த நிலையில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, ஓர் ஆலமரத்தடியில் நான் நின்றுவிட்டபோது, நல்ல வேகத்தில் முன்னே சென்றுகொண்டிருந்த நீங்கள் திரும்பி வந்தீர்கள். என்னைச் சாலையோரம் அமர்த்தி, காலை நீட்டச் சொல்லி, குதிகாலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் கால்விரல்களை முழங்காலை நோக்கி மெல்ல வளைத்துப் பிடித்திருந்தீர்கள். கல்லாக இறுகியிருந்த தசை சிறிது சிறிதாக இளகியது. பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியபடியே இறுதிவரை என்னுடன் வந்தீர்கள்.

புற்றுநோயால் வலது காலை இழந்த பின்னும், அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 1980இல் கனடாவில் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய இளைஞரின் பெயரால் நடக்கும் ஓட்டம் இது. “இதில் யாரையும் முந்த வேண்டியதில்லை, மெதுவாகவே வா கண்ணு” என்று நீங்கள் சொன்ன பிறகே என் பதற்றம் அடங்கியது.

கூட்டத்தில் உங்கள் பெயரைக் கேட்க இயலாமல் போனது. இப்பதிவு உங்கள் கண்ணில் பட்டால், என் நன்றியை அன்புடன் ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா. அடுத்த ஆண்டும் ஓட வருவேன்.