கேப்பர் மலையிலிருந்து ஸ்பித்திக்கு: மிதிவண்டிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து புறப்படும் வாராந்திரச் சவாரி, மழை நாட்கள் நீங்கலாகத் தொடர்ந்து நடந்தது. ஜூன் 3, உலக மிதிவண்டி நாளன்று பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றிக் கொடுத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அவரிடம் இருக்கிறது. அதை உரக்க வாசிக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை மீறி ஓடியது. மோட்டார் வண்டி போக முடியாத தெருக்களுக்குப் பால் பொட்டலமும் ரொட்டியும் கொண்டுபோக நம் உறுப்பினர்களின் சைக்கிள்கள் பயன்பட்டன. கேரியரில் அரிசிப்பெட்டி கட்டி, இடுப்பளவு நீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் பெயர் சொல்லப்படுவதை விரும்பவில்லை. டிசம்பர் மாதக் கூட்டம் அதனால் நடக்கவில்லை.

இனி, ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இமயமலைக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்ற பேச்சு நம் சங்கத்தில் புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் அக்னி நட்சத்திரத்தில் கிளம்பும், ஆடிக் காற்றில் அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை. ஜூலைக் கூட்டத்தில் இளைய உறுப்பினர்கள் சிலர் டெல்லி நிறுவனம் ஒன்றின் பயணத் திட்டத்தை அச்செடுத்து வந்திருந்தார்கள். மணாலியிலிருந்து லே வரை, கூடவே வேன், சமையல்காரர், கூடாரம் எல்லாம் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு மிதித்தால் போதும். செயற்குழு அதை ஏற்கவில்லை. செலவு ஒரு காரணம்தான், பெரிய காரணம் அல்ல. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது; ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்குவோம் என்று எழுதியிருக்கவில்லை. கடல் மட்டத்தில் வாழும் நமக்கு முதல் கணக்கைவிட இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

கடலூரில் நமக்கு வாய்த்த ஏற்றம் கேப்பர் மலை ஒன்றே. சிறைச்சாலை தாண்டும் வரை கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அங்கிருந்து நேராக ஐயாயிரம் மீட்டரை நினைப்பது ஆசைதான், திட்டம் அல்ல. மணாலி 2,050 மீட்டர். 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம், மணாலிக்கு அப்பால் உள்ள லாகௌல் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியைச் சுருக்கிவிட்டது. வழி சுருங்குவது லாரிக்கு நல்லது, நுரையீரலுக்கு அல்ல. ஜிஸ்பாவில் 3,200 மீட்டர் அளவில் தூங்கியவர், பாரலாச்சா கணவாய் தாண்டி சர்ச்சுவில் ஏறக்குறைய 4,300 மீட்டரில் தூங்க வேண்டிவரும். டார்ச்சாவுக்கு அப்பால் ரும்ட்சே வரை நிலையான ஊர் கிடையாது. கோடையில் மட்டும் போடப்படும் கூடாரக் கடைகள்தான். வழியில் உள்ள கடைசிக் கணவாயான தங்லாங் லா 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். சர்ச்சுவுக்கு அப்பால் லடாக் தொடங்குவதால் வெளிமாநில ப்ரீபெய்டு சிம்மும் அங்கே வேலை செய்யாது.

இவற்றையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்த பிறகு, இமாச்சலப் பிரதேசத்தில் சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஸ்பித்திப் பள்ளத்தாக்கு என்று முடிவானது. சட்லெஜ் பள்ளத்தாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உயரும் பாதை அது. ஊர்கள் உண்டு, ஊருக்கு ஊர் தங்க இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முடியாவிட்டால் பஸ் ஏறித் திரும்பிவிடலாம். இமாச்சல அரசுப் பேருந்துகள் ஸ்பித்தியின் முக்கிய ஊரான காஸா வரை ஓடுகின்றன. சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொள்வார்கள். திரும்பி வரும் வழி தெரியாத பயணத்துக்குச் செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்திட மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன். நம் இளைஞர்கள் அதைக் கோழைத்தனம் என்றார்கள். இருக்கட்டும்.

பாதை இப்படிப் போகிறது. சிம்லா, நார்கண்டா, ராம்பூர், ரெக்காங் பியோ, பூஹ், நாகோ, தாபோ, தன்கர், காஸா. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். நார்கண்டா ஊரே அதைவிட உயரம். அங்கிருந்து ராம்பூருக்கு ஆற்றங்கரை வரை முழுக்க இறக்கம். ஏறியதெல்லாம் போயிற்றே என்று வருந்த வேண்டாம். பிரேக் கட்டைகளின் கவலைதான் அங்கே பெரிது. ரெக்காங் பியோவுக்கு மேலே கல்பாவில் 2,960 மீட்டரில் ஒரு நாள் ஓய்வு. மூவாயிரம் மீட்டருக்கு மேல், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் நிற்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் வகுத்த விதி. நம் திட்டத்தில் நாகோ மட்டும் இந்த விதியில் இடிக்கிறது. ஊர் 3,660 மீட்டரில் இருக்கிறது. அதனால் நாகோவில் இரண்டு இரவு. அடுத்து வரும் தாபோ அதைவிடக் கீழே, 3,280 மீட்டர். உடம்பு அங்கே தேறிக்கொள்ளும். தாபோ மடாலயம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது, தஞ்சைப் பெரிய கோவிலுக்கும் மூத்தது. மண் சுவரும் உள்ளே ஓவியமுமாக இருக்கும் அந்த இடத்தில் அரை நாளாவது செலவிட வேண்டும் என்று நம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். ஏற்கப்பட்டது.

காஸாவுக்குப் பிறகு என்ன என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. லோசர் வழியாக 4,551 மீட்டர் குன்சும் கணவாய் ஏறி, பாதல், சத்ரூ, கிராம்பூ என்று மணாலிப் பக்கம் இறங்கினால் வட்டம் முழுமையாகும். ஆனால் பாதலிலிருந்து கிராம்பூ வரை பாதை பெரும்பாலும் கல்லும் ஓடையும்தான். பனிப்பாறை உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்காலளவு, பிற்பகலில் முழங்காலுக்கு மேல். ஆகவே அந்தப் பகுதியில் நாள் என்பது விடிகாலையில் தொடங்கி மதியத்தில் முடிந்துவிடும். செல்பேசியை அங்கே நம்பவே கூடாது. காஸாவில் உடல்நிலையையும் வானிலையையும் பார்த்துவிட்டுத்தான் குன்சும் பற்றி முடிவெடுப்பது, ஒருவர் வேண்டாம் என்றாலும் யாரும் போவதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. இதைப் பொதுக்குழு உறுதிப்படுத்த வேண்டும்.

எந்த மாதம் என்பது எளிதில் தீர்ந்தது. ஜூலை, ஆகஸ்டில் கின்னௌரில் மலைச்சரிவு சகஜம். 2023 ஜூலை மழையில் இமாச்சலத்தின் சாலைகள் பட்ட பாடு நினைவிருக்கும். அக்டோபரில் குன்சும் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். இடையில் இருப்பது செப்டம்பர். அதுவும் சாது இல்லை: 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் எதிர்பாராத பனி கொட்டி, லாகௌல்-ஸ்பித்தியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மீட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் வாரம் புறப்பட்டு மாத இறுதிக்குள் முடிப்பது நம் திட்டம்.

இங்கேதான் இந்த ஆண்டின் மிகப் பெரிய சண்டை. வங்கியிலும் பள்ளியிலும் வேலை செய்யும் உறுப்பினர்கள் பத்து நாள் விடுப்புக்குள் எல்லாவற்றையும் அடக்கச் சொன்னார்கள். கிலோமீட்டரைக் கூட்டினால் அடங்கும் என்று காகிதத்தில் போட்டும் காட்டினார்கள். அடங்கும்தான். ஓய்வு நாட்களை வெட்டிவிட்டால் எதுவும் அடங்கும். சாலை அடைபட்டால், காய்ச்சல் வந்தால், ஃப்ரீவீல் போனால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. நாகோ அருகே மல்லிங் ஓடைப் பகுதியில் கற்கள் உருண்டு சாலை நிற்பது செய்தியே அல்ல. ஆகவே ரயில் பயணமும் சேர்த்து மூன்று வாரம் ஒதுக்க முடிந்தவர்கள் மட்டும் வரலாம் என்று முடிவு செய்தோம். யாருக்கும் எந்த வேலையும் ஒதுக்கப்படாத நாட்கள் அதில் உண்டு. அவற்றை முன்கூட்டியே செலவழிக்க யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. இதனால் நல்ல மிதிப்பாளர்கள் சிலரை இழக்கிறோம். வருத்தம்தான். ஆனால் விடுப்பு குறைந்தவரின் அவசரத்தைக் குழு முழுவதும் சுமக்க முடியாது.

பயிற்சி பற்றி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் கால்களுக்கு நல்ல பாடம். உள்ளூரில் இருப்பவர்களுக்குப் பிற்பகல் கடற்காற்றை எதிர்த்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிப்பதே மலை. பைகளில் மணல் நிரப்பிக்கொண்டு மிதித்தவர்களைப் பார்த்துத் தேவனாம்பட்டினத்துக்காரர்கள் சிரித்தது தனிக் கதை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய், பலசாலியா என்று ஆள் பார்த்து வராது. வேகமாக மிதிப்பவர் வேகமாக உயரம் போவதால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை தெரிந்தால் அன்று ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறக்க வேண்டும். உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் எடுக்கலாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவச் சான்று இல்லாதவர் பெயர் பட்டியலில் ஏறாது.

வண்டிகளில் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் சமவெளிக்கானவை. முன்னால் 22 பல், பின்னால் 36 பல் சக்கரம் இருந்தால்தான் மூட்டை முடிச்சோடு குன்சுமில் உட்கார்ந்தபடியே ஏற முடியும். திருப்பாதிரிப்புலியூரில் நமக்கு வழக்கமாக வேலை செய்து தரும் கடைக்காரர் பல் சக்கரம் மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ரயிலில் அனுப்ப வண்டியைக் கழற்றிப் பெட்டியில் கட்ட வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்புறமாக ஓடும். வலுவாகத் திருகி மரையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உதிரி ஸ்போக்ஸ், செயின் இணைப்பு, பிரேக் கம்பி, டியூப், பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கு துண்டு (ஹேங்கர்) ஆகியவை பொது மூட்டையில் வரும். அந்தத் துண்டு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அவரவர் அளவை இப்போதே தர வேண்டும்.

சாப்பாட்டில் தொடங்கிய விவாதம் ஒரு கூட்டம் முழுவதையும் விழுங்கியது. காஸா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும், பருப்பு லேசில் வேகாது. குக்கர் சுமக்க யாரும் முன்வராததால், வழியில் கிடைக்கும் ராஜ்மாவும் ரொட்டியும் துக்பா என்ற திபெத்திய நூடுல்ஸ் சூப்பும்தான் உணவு. பண்ருட்டி முந்திரியும் பருப்புப் பொடியும் சங்கச் செலவில் வரும். ஊறுகாய் அவரவர் பொறுப்பு.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அதனால் டிக்கெட் வேலை ஜூலையில்தான் தொடங்கும். புதுச்சேரியிலிருந்து புது டெல்லிக்கு வாரம் ஒருமுறை ஓடும் ரயிலில் விழுப்புரத்தில் ஏறுவதா, சென்னை போய் ஏறுவதா என்பதை வண்டிகளை ஏற்றும் வசதியைப் பார்த்து முடிவு செய்வோம். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903இல் திறக்கப்பட்ட சிறிய ரயிலில் போக எல்லோருக்கும் ஆசை. பெட்டிகளோடு அதில் ஏற முடியாது என்பதால் சைக்கிள்கள் வேனில் போகும், ஆட்கள் ரயிலில் போவார்கள். வேனோடு போக ஒருவர் வேண்டும். இதுவரை யாரும் கை தூக்கவில்லை.

கைக்காசு பற்றி ஒரு வரி: காஸாவில் ஏ.டி.எம். உண்டு, ஆனால் அதில் எப்போதும் பணம் இருக்கும் என்ற நம்பிக்கையில் யாரும் வர வேண்டாம்.

வர விரும்புவோர் மே 31ஆம் தேதிக்குள் பெயரையும் மருத்துவச் சான்றையும் என்னிடம் தர வேண்டும். மூன்று வார விதியையும் குன்சும் பற்றிய தீர்மானத்தையும் இன்றே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் கணக்கு வாசிக்கக் காத்திருக்கிறார். பாக்கிப் பட்டியல் அவர் கையில்தான் இருக்கிறது.

செயலாளர்
கடலூர்