விவாகரத்துக்குப் பயந்த டிவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடும்பம் சிதைந்ததற்கு அங்குள்ள டிவி காமெடித் தொடர்கள்தான் காரணம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கேபிள் வந்த நாளிலிருந்து அந்தத் தொடர்களைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், நடந்தது நேர் தலைகீழ். குடும்பங்கள் மாறிப் பல வருடம் கழித்துத்தான் டிவி மெல்ல வாயைத் திறந்தது, அதுவும் விளம்பரம் கொடுப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு.

பழைய தொடர்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அப்பா தனியாகப் பிள்ளை வளர்த்தால் அம்மா செத்துப்போயிருப்பாள். 1960-ல் தொடங்கிய 'ஆண்டி கிரிஃபித் ஷோ', 'மை த்ரீ சன்ஸ்' இரண்டிலும் இதே கதை. 1970-ல் வந்த 'பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி'யில் செத்தவர் அப்பா. ஒரு ஆளைக் கொன்றாலும் கொல்வோம், விவாகரத்து மட்டும் கூடாது என்பதுதான் சேனல்காரர்களின் கணக்கு. இதில் பெரிய வேடிக்கை 1969-ல் வந்த 'பிராடி பஞ்ச்'. முந்தைய கல்யாணத்துப் பிள்ளைகளோடு மறுமணம் செய்துகொள்பவர்கள் அதிகமாகிறார்கள் என்று ஒரு பத்திரிகைத் துணுக்கைப் படித்துத்தான் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் அதை உருவாக்கினார். அதில் மூன்று பெண்களோடு மறுமணம் செய்துகொள்ளும் அம்மாவை விவாகரத்தானவளாகக் காட்ட நினைத்தார், சேனல் சம்மதிக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்களின் அப்பா என்ன ஆனார் என்று யாருமே சொல்லாமல் ஐந்து வருடம் ஓட்டிவிட்டார்கள்! 'மேரி டைலர் மூர் ஷோ'விலும் அப்படித்தான், நாயகி விவாகரத்தானவள் என்று எழுதியிருந்ததை சி.பி.எஸ். சேனல் மாற்றச் சொன்னது. முந்தைய தொடரில் தன் கணவராக நடித்த டிக் வான் டைக்கை மேரி விட்டுவிட்டு வந்துவிட்டதாக ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களாம்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது வெளியே நிலவரம் என்ன? யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 1970-ல் அமலுக்கு வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டவர் அப்போதைய கவர்னர் ரீகன், அவரே விவாகரத்தானவர். ஆயிரம் பேருக்கு 1960-ல் 2.2 ஆக இருந்த விவாகரத்து 1980-ல் 5.2. விவாகரத்தான அம்மாவை நடுநாயகமாக வைத்து தயாரிப்பாளர் நார்மன் லியரின் 'ஒன் டே அட் எ டைம்' வந்ததோ 1975 டிசம்பரில்தான். அதற்கப்புறமும் 1987-ல் 'ஃபுல் ஹவுஸ்' பழையபடி அம்மாவைக் கொன்றுவிட்டு, தாய்மாமனையும் அப்பாவின் நண்பனையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. (தாய்மாமன் பிள்ளை வளர்ப்பதில் நமக்கு என்ன ஆச்சரியம்.)

'மர்ஃபி பிரவுன்' தொடர் விவகாரத்தையும் கட்டுரையாளர் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுத்திருந்தார். 1992 மே மாதம், அதில் கணவர் இல்லாமல் தனியாக வாழும் டிவி நிருபர் மர்ஃபிக்குக் குழந்தை பிறந்த மறுநாளே துணை ஜனாதிபதி டான் குவேல் மேடையேறி, அப்பாக்களை இது கேலி செய்கிறது என்றார். சரி, தனியாகப் பிள்ளை பெற்ற பெண்கள் அதற்கு முன் அமெரிக்காவில் இல்லையா? லட்சக்கணக்கில் இருந்தார்கள். செப்டம்பரில் வந்த பதில் எபிசோடில் நிஜக் குடும்பங்களையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதே எபிசோடின் கதையில் குவேல் வீட்டு வாசலில் ஒரு லாரி உருளைக்கிழங்கையும் கொட்டினார்கள், 'பொட்டேட்டோ' என்ற வார்த்தைக்கு அவர் ஒரு பள்ளி மாணவனுக்குத் தப்பாக ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்த கதை ஊருக்கே தெரியும்.

2009-ல் தொடங்கிய 'மாடர்ன் ஃபேமிலி'யும் இப்படித்தான். அதில் வரும் ஆண் ஜோடி மிட்செலும் கேமும் கல்யாணம் செய்துகொண்டது 2014 மே மாதம், கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணங்கள் மறுபடி தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து.

ஒரு இடத்தில் மட்டும் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிறேன், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. மர்ஃபி பிரவுனுக்குக் கைநிறையச் சம்பளம், வாடகைக் கவலை கிடையாது. 'மாடர்ன் ஃபேமிலி'யின் மூன்று வீடுகளும் பெரிய வீடுகள், முதல் சில சீசன்களில் இரண்டு மனைவிகளும் வேலைக்கே போகவில்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு நிஜத்தில் முதல் கவலை பணம், காமெடி முதலில் மறைப்பதும் அதைத்தான். கட்டுரையாளர் அதைப் பற்றி எழுதட்டும், முதல் ஆளாகப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி