நம்பர் பெருசா இருந்தா நல்ல கவசம் ஆயிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த ஹெவி ஆர்மர் (கனமான கவசம்) கட்டுரைய படிச்சேன், உழைச்சுதான் எழுதியிருக்காங்க, படங்களும் நல்லா இருந்துச்சு, ஆனா ஸ்கைரிம், எல்டன் ரிங்னு ரெண்டு வீடியோ கேமோட கவசத்தையும் ஒரே தட்டுல வெச்சு, டிஃபன்ஸ் நம்பர் பெருசா இருக்கறது மேல, சின்னது கீழன்னு வரிசை போட்டுக் குடுத்திருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கல. புதுசா விளையாட வர்ற ஆளு அந்த லிஸ்ட்ட நம்பி முதல் இடத்துல இருக்கறத தேடி அலைவாரு, கிடைச்சதும் மாட்டிக்குவாரு, அப்புறம் ஏன் இன்னும் அடி வாங்குறோம்னு முழிப்பாரு. ரெண்டு கேம்லயும் கவசம் வேலை செய்யற விதமே வேற.

முதல்ல ஸ்கைரிம். 2011ல வந்த கேம், இன்னமும் ஆளுங்க புதுசா ஆரம்பிச்சுக்கிட்டே இருக்காங்க, அதனால இத சொல்லியே ஆகணும். அதுல கவசத்தால குறையற அடிக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, 80 சதவீதம். அதுக்கு மேல நீங்க என்ன மாட்டினாலும் ஒரு துளி கூட குறையாது. கணக்கு என்னன்னா ஸ்கிரீன்ல தெரியற ஒரு ஆர்மர் பாயிண்டுக்கு 0.12 சதவீதம், அது போக மாட்டியிருக்கற ஒவ்வொரு உருப்படிக்கும் கண்ணுல காட்டாமலே 3 சதவீதம் குடுக்குது. ஹெல்மெட், மார்க்கவசம், கையுறை, பூட்ஸ்னு நாலும் போட்டா 12 வந்துடுச்சு, மிச்சம் 68ஐ பாயிண்ட்லதான் எடுக்கணும், அதனாலதான் 567ன்ற நம்பர அந்த கேம் விளையாடறவங்க மனப்பாடமா சொல்வாங்க. கூட ஷீல்டும் புடிச்சா 542 போதும்.

இப்ப உங்க லிஸ்ட்டுக்கு வருவோம். ஸ்கைரிம் செட்டுகள்ல டேட்ரிக் முதல் இடம், ஸ்டீல் பிளேட் எங்கயோ கீழ. ஷீல்ட விட்டுட்டுப் பாத்தா டேட்ரிக் செட்டோட அடிப்படை நம்பர் 108, ஸ்டீல் பிளேட்டுக்கு 87, சரிதான், பாக்க பெரிய வித்தியாசம்தான். ஆனா ஹெவி ஆர்மர் ஸ்கில் 100 ஆகி, ஜகர்நாட்ன்ற பெர்க்குல (ஸ்கில் ஏற ஏற எடுக்கற கூடுதல் திறமை) அஞ்சு ரேங்க்கும் எடுத்து, வெல் ஃபிட்டட், மேட்சிங் செட் ரெண்டும் எடுத்து, அதே ஸ்டீல் பிளேட்ட பட்டறையில லெஜண்டரின்ற உச்ச தரம் வரைக்கும் தேத்தினா 600 பக்கத்துல வந்து நிக்குது. டேட்ரிக் 690 பக்கத்துல போகும். ரெண்டுக்கும் கிடைக்கறது அதே 80 சதவீதம்தான்! மேல இருக்கற அந்த தொண்ணூத்தி சொச்சம் பாயிண்ட் சும்மா ஸ்கிரீன்ல பாத்து சந்தோஷப்படத்தான். இதுக்காக ஸ்மிதிங்க (கவசம் செய்யற ஸ்கில்) 90 வரைக்கும் ஏத்தி, ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு டேட்ரா இதயம் தேடி அலைய வேண்டியதில்ல, ஸ்டீல் பிளேட் செய்யற பெர்க்குக்கு ஸ்மிதிங் 50 போதும். கொம்பு வெச்ச அந்த கருப்பு கவசம் பாக்க கெத்தா இருக்குன்னு போடறவங்க தாராளமா போடட்டும், நானும் போடுவேன், ஆனா "அதிக பாதுகாப்பு"ன்னு எழுதாதீங்க.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், வரம்ப தொடாத வரைக்கும் நம்பர் முக்கியம்தான், சொல்லப்போனா மேல போகப் போக ஒவ்வொரு பாயிண்டும் இன்னும் நல்லா வேலை செய்யும். 100 டேமேஜ் வர்ற அடி, 60 சதவீதம் குறைஞ்சா 40 வாங்குறோம், 80 குறைஞ்சா 20தான், அதாவது பாதி. அதனால பாதி வழில ஸ்கில்ல விட்டுட்டு வேற பக்கம் போறவங்க நல்ல பகுதிய தொடாமலே போறாங்க.

எடை பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, அது பெரிய குறை. டேட்ரிக் மார்க்கவசம் மட்டுமே 50 எடை, ஸ்டீல் பிளேட்ல அதே உருப்படி 38. ஸ்கில் 70ல கண்டிஷனிங்னு ஒரு பெர்க் வரும், அத எடுத்துட்டா மாட்டியிருக்கற ஹெவி ஆர்மருக்கு எடையே இல்ல, ஓடும்போது வேகமும் குறையாது. அது வர்ற வரைக்கும் ஸ்டீட் ஸ்டோன்ன்ற மந்திரக் கல்ல தொட்டு வெச்சுக்கணும், மாட்டின கவசத்தோட எடைய அதுவும் கழிச்சிடும், கூட 100 எடை தூக்கலாம். கண்டிஷனிங் வந்த அன்னிக்கே ஸ்டோன மாத்திடுங்க, லார்ட் ஸ்டோன் போனா 50 ஆர்மரும் 25 சதவீதம் மேஜிக் ரெசிஸ்டன்ஸும் கிடைக்கும். வரம்ப தொட்டவங்களுக்கு அந்த 50 தேவையில்ல, 25தான் தேவை, ஏன்னா கவசம் மேஜிக் அடிய தடுக்கவே தடுக்காது. டிராகன் வாயத் தொறந்து நெருப்ப ஊதினா நீங்க டேட்ரிக் போட்டிருந்தாலும் சரி துணி போட்டிருந்தாலும் சரி ஒரே வேக்காடுதான். 567 வந்தப்புறமும் செத்துக்கிட்டே இருக்கறவங்கள கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் மேஜிக்லதான் சாவாங்க, அவங்க இன்னும் பெரிய கவசம் தேடக் கூடாது, என்சான்ட்மென்ட் (கவசத்துக்கு மந்திர சக்தி ஏத்தறது) பக்கம் போகணும். என்சான்ட் பண்ணின கவசத்த அப்புறமா தேத்தணும்னா ஸ்மிதிங் 60ல வர்ற ஆர்க்கேன் பிளாக்ஸ்மித் பெர்க் வேணும், அது இல்லாதவங்க முதல்ல பட்டறையில தேத்திட்டு அப்புறம் என்சான்ட் பண்றது நல்லது.

எல்டன் ரிங்ல கதையே வேற. 2022ல வந்த இந்த கேம்ல கவசத்த தேத்தறதுன்னு ஒண்ணே கிடையாது, கிடைச்சது கிடைச்சபடிதான். இங்க எல்லாத்தையும் முடிவு பண்றது எடைதான். மொத்தமா தூக்கக்கூடிய அளவுல 30 சதவீதத்துக்கு கீழ இருந்தா லைட் ரோல் (ரோல்னா அடிய தப்பிக்க உருள்றது), 70க்கு கீழ இருந்தா மீடியம், 70ஐ தொட்டுட்டீங்கன்னா ஹெவி ரோல், அதாவது தொப்புனு விழுந்து மெதுவா எந்திரிக்கறது, 100ஐ தாண்டினா ரோலே கிடையாது. உங்க லிஸ்ட்ல எல்டன் ரிங் செட்டுகள்ல முதல் இடத்துல இருக்கற புல்-கோட் செட்டுக்கு போய்ஸ் (அடி வாங்கியும் தடுமாறாம நிக்கற திறன்) 100, கேம்லயே பெரிய நம்பர்கள்ல ஒண்ணு, ஆனா என்ட்யூரன்ஸ் (தூக்கற அளவ கூட்டற திறன்) ஏத்தாத ஆளு அத மாட்டி ஒரு பெரிய வாளையும் தூக்கினா ஹெவி ரோல்லதான் இருப்பாரு, வர்ற பாஸ் (பெரிய எதிரி) எல்லாம் அவர பந்தாடும். இந்த கேம்ல ஹெவி ஆர்மர்னா "70க்கு கீழ இருந்துக்கிட்டே எவ்ளோ மாட்ட முடியுமோ அவ்ளோ" அப்படின்னுதான் புரிஞ்சுக்கணும்.

70க்குள்ள எப்படி அடக்கறது? சும்மா இன்னொரு கைல ஒரு ஷீல்ட மாட்டி வெச்சிருப்போம், ஒரு தடவ கூட பிளாக் பண்ணியிருக்க மாட்டோம், அத கழட்டினாலே ஒரு நல்ல ஹெல்மெட்டுக்கு இடம் கிடைச்சிடும். கேலிட்ன்ற பகுதியில இருக்கற அந்த பெரிய ஜாடிகிட்ட போய் மூணு வீரர்கள ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா ஜெயிச்சா கிரேட்-ஜார்ஸ் ஆர்சனல்னு ஒரு டாலிஸ்மன் (தாயத்து மாதிரி) தரும், தூக்கற அளவ 19 சதவீதம் ஏத்தும், ஹெவி ஆர்மர் போடறவங்க விடவே கூடாதது. அப்புறம் முக்கியமான விஷயம், செட்டா போடணும்னு கட்டாயம் இல்ல. ஸ்கைரிம்ல ஒரே செட்ட உடைச்சா மேட்சிங் செட் போனஸ் 25 சதவீதம் போச்சு, இங்க அப்படி ஒண்ணும் கிடையாது, ஒரு செட்லருந்து மார்க்கவசம் இன்னொண்ணுலருந்து கால் கவசம்னு கலந்து கட்டி போட்டா எவனும் கேக்க மாட்டான், கோமாளி மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

தடுக்கற சதவீதமும் இங்க ஒண்ணோட ஒண்ணு கூடாது. சும்மா ஒரு உதாரணத்துக்கு மார்க்கவசம் 15 சதவீதம், கால் கவசம் 10 சதவீதம்னு வெச்சுக்குங்க, மொத்தம் 25 வராது, 100ல 15 போய் 85, அந்த 85ல பத்துல ஒரு பங்கு போய் 76.5, ஆக 23.5தான். கடைசியா மாட்டற உருப்படிக்கு பலன் கம்மி, எடை மட்டும் முழுசா ஏறும். அதனால நான் நாலையும் ஹெவியா போடறத விட மார்க்கவசத்த மட்டும் நல்ல கனமா போட்டு மிச்சத்த எடைக்கு தகுந்தாப்ல போடச் சொல்வேன். போய்ஸ்ல 51ன்ற நம்பர் விளையாடறவங்க நடுவுல பிரபலம், நிறைய சாதாரண அடிகள்ல நம்ம வெட்டு நடுவுல நிக்காம போகும், பெரிய ஆயுதம் தூக்கறவங்க அத தொடப் பாக்கலாம். தொட முடியலன்னா அதுக்காக ரோல தியாகம் பண்ணாதீங்க. இன்னொண்ணு, இரும்புக் கவசம் பெரும்பாலும் மின்னலுக்கு பலவீனம், மின்னல் பாஸ்கிட்ட போறப்ப மட்டும் வேற எதையாவது மாட்டிட்டு போலாம், உங்க கட்டுரையில எல்லா தடுப்பையும் ஒரே மொத்தமா கூட்டிப் போட்டதால இது தெரியாமலே போயிடுச்சு.

அடுத்த இதழ்ல இந்த லிஸ்ட்ட திருப்பி போடறதா இருந்தா தயவுசெஞ்சு கேமுக்கு ஒண்ணா பிரிச்சு போடுங்க, ஸ்கைரிம் பட்டியல்ல ஒவ்வொரு செட்டுக்கும் 567ஐ தொட என்ன ஸ்கில், என்ன பெர்க் வேணும்னு ஒரு கட்டம், எல்டன் ரிங் பட்டியல்ல எடையும் போய்ஸும் பக்கத்து பக்கத்துல. டிஃபன்ஸ் நம்பர் கடைசி கட்டத்துல இருந்தா போதும்.

இப்படிக்கு,
ஹெவி ஆர்மர் பிரியர் ஒருவர்