ஒப்பந்த நிறுவன ஓட்டுநர்களுக்குச் சங்க உறுப்புரிமை: விதித் திருத்தத்தைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பொதுச் செயலாளர்,
போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம்.

பெறுநர்:
தொழிற்சங்கப் பதிவாளர் அவர்கள்,
தொழிலாளர் துறை, தமிழ்நாடு அரசு.

பொருள்: மின்சாரப் பேருந்துகளை இயக்கும் ஒப்பந்த நிறுவன ஓட்டுநர்களை உறுப்பினர்களாகச் சேர்க்கும் விதித் திருத்தம் நிலுவையில் இருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பணிமனையிலிருந்து புறப்படும் மின்சாரப் பேருந்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். நடத்துநர் போக்குவரத்துக் கழக ஊழியர், எங்கள் சங்க உறுப்பினர். ஓட்டுநருக்குச் சம்பளம் தருவது ஒப்பந்த நிறுவனம். பேருந்தும் அந்நிறுவனத்துடையதுதான், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் அதற்குப் பணம் கொடுக்கிறது. ஆனால் வழித்தடம், நேர அட்டவணை, நிறுத்தம் எல்லாவற்றையும் முடிவு செய்வது கழகமே.

அண்மையில் திடீர் பிரேக் போட்டதில் பயணி ஒருவர் பேருந்துக்குள் விழுந்து கை ஒடிந்தது. நடத்துநருக்குக் குறிப்பாணை வந்தது. விசாரணையில் எங்கள் நிர்வாகி அவருக்குத் துணையாக அமர்ந்தார். ஓட்டுநருக்கு வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே: நாளை முதல் டூட்டிக்கு வர வேண்டாம். குறுக்கே ஒரு இருசக்கர வாகனம் புகுந்ததை எடுத்துச் சொல்லக்கூட அவருக்கு இடம் இல்லை.

இதற்குப் பிறகுதான் எங்கள் பொதுக்குழு விதியைத் திருத்தியது. "கழகத்தின் தொழிலாளர்கள்" என்று இருந்த இடத்தில் "கழகத்தின் தொழிலாளர்களும், கழகத்துக்காகப் பேருந்துகளை இயக்கும், பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத் தொழிலாளர்களும்" என்று சேர்த்தோம். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, அதன் பிரிவு 28(3) சொன்ன 15 நாள் கெடுவுக்குள் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகை பெற்றோம். இன்றுவரை பதிவும் இல்லை, மறுப்பும் இல்லை.

ஆட்சேபங்கள் மட்டும் வந்திருக்கின்றன. அவர்கள் எங்கள் ஊழியர்களே அல்ல என்கிறது கழகம். நீங்கள் வேறொரு நிறுவனத்தின் சங்கம் என்கிறது ஒப்பந்த நிறுவனம். இரு தரப்பும் சேர்ந்து ஓட்டுநரை நடுத்தெருவில் நிறுத்துகின்றன. அந்த 1926 சட்டத்தின் பிரிவு 6(இ) கேட்டதோ, சாதாரண உறுப்பினர், சங்கம் தொடர்புடைய தொழிலில் உண்மையாகவே ஈடுபட்டிருக்க வேண்டும் என்பதை மட்டுமே. யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று அது கேட்கவில்லை. தொழில் தகராறுக்கு விளக்கம் தந்த பிரிவு 2(ஜி)யும், தகராறுக்கு உள்ளான வேலையளிப்பவரிடமே வேலை பார்க்காதவரையும் தொழிலாளர் என்றே கொண்டது. காலை முதல் இரவு வரை பேருந்து ஓட்டுபவர் போக்குவரத்துத் தொழிலில் இல்லையென்றால் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதைக் கழகம்தான் விளக்க வேண்டும்.

"அவர்கள் தனியாகச் சங்கம் வைத்துக்கொள்ளட்டுமே" என்று வாய்மொழியாக எங்களிடம் சொல்லப்பட்டது. ஏழு பேர் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம், உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்துக்குக் காலவரம்பு உண்டு. அது முடிந்து வேறொரு நிறுவனம் டெண்டர் எடுத்தால், பழைய நிறுவனத்தின் பெயரில் கட்டிய சங்கம் ஆளில்லாத பதிவு எண்ணாக நிற்கும். பணிமனை அதே, வழித்தடம் அதே, பெரும்பாலும் ஓட்டுநரும் அதே ஆளாகத்தான் இருப்பார்; அவருடைய சந்தாவும் பேச்சுவார்த்தைக் கோப்பும் மட்டும் காணாமல் போகும். 1972இல் பாண்டியன், சேரன் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அமைந்தபோது பேருந்துத் தொழிலின் ஒரு பகுதி தனியாரிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. இப்போது திசை மாறியிருக்கிறது. முதலாளி மாறும்போதெல்லாம் தொழிலாளி புதிதாகச் சங்கம் தேட வேண்டும் என்றால், எந்தக் கோரிக்கையும் முதல் சுற்றுப் பேச்சைத் தாண்டாது.

உறுப்பினர் எண்ணிக்கையை ஊதிக் காட்டவே இந்தத் திருத்தம் என்று மற்றொரு சங்கமும் எழுதியுள்ளது. 1926 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் பிரிவு 14, நிர்வாகத்துடன் பேசும் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கப்பட அந்தந்த நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவைக் கேட்கிறது. இந்த ஓட்டுநர்கள் கழகத்தின் பதிவேட்டிலேயே இல்லை. ஆகவே அவர்களைச் சேர்ப்பதால் கழகத்தில் எங்களுக்கு ஒரு வாக்குகூட அதிகரிக்காது. நண்பர்கள் வீணாகக் கவலைப்படுகிறார்கள்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன் என்று அச்சிட்ட தாளில் ஓட்டுநர்களிடம் கையெழுத்து கேட்கப்படுகிறது. சங்கம் சேர்வதைத் தடுப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை. அரசியலமைப்பின் பிரிவு 19(1)(சி) தந்த உரிமையை வேலை உத்தரவோடு இணைத்த ஒரு தாள் பறித்துவிட முடியாது. அந்தத் தாளின் நகலை இணைத்துள்ளோம். கையெழுத்திட்டவர்களின் பெயர்களை அவர்களின் பாதுகாப்புக் கருதி மறைத்திருக்கிறோம். தேவையெனில் தங்களிடம் நேரில் தருவோம்.

ஆகவே, எங்கள் விதித் திருத்தத்தைத் தாமதமின்றிப் பதிவு செய்யுமாறு வேண்டுகிறோம். மறுப்பதாக இருந்தால் காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஆணையிடுங்கள். அது கையில் இருந்தால்தான் நாங்கள் மேற்கொண்டு சட்டப்படி நிவாரணம் தேட முடியும். முடிவெடுக்கும் முன் இரு நிர்வாகங்களையும் எங்களையும் ஒரே நாளில் அழைத்து விசாரிக்க வேண்டும். அந்த அச்சுத் தாள் குறித்துத் தொழிலாளர் ஆய்வாளரைப் பணிமனைக்கு அனுப்பி, கழக அலுவலர் முன்னிலையில் அல்லாமல் ஓட்டுநர்களிடம் தனியே விசாரிக்க உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொதுச் செயலாளர்

இணைப்பு: பொதுக்குழுத் தீர்மானம், திருத்திய விதி, ஒப்புகைச் சீட்டு, அச்சுத் தாளின் நகல்.