உன் ஜீன் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள கார்த்திக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை முழுவதும் படித்தேன். மஞ்சள் கோடு போட்ட இடத்தை மட்டும் படித்திருப்பேன் என்று நினைக்காதே. ஃபோலேட் என்ற பி வைட்டமினைக் கையாளும் என்ஸைமுக்கான எம்.டி.எச்.எஃப்.ஆர். ஜீனில் 677-வது இடத்தில் உனக்கு 'டி.டி.' (இரண்டு பிரதியிலும் 'டி' எழுத்து) என்று வந்திருக்கிறது, அதனால் எனக்கு வந்த குடல் புற்றுநோய் உனக்கு வரும் ஆபத்து குறைவு என்று எழுதியிருந்தாய். இவ்வளவு தூரம் தோண்டிப் படித்திருக்கிறாயே என்று பெருமையாகத்தான் இருந்தது.

நீ சொல்வதில் விஷயம் இருக்கிறது. டி.டி. உள்ளவர்களுக்கு அந்த என்ஸைம் சாதாரண வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும். ஒரு மதகைப் பாதி அடைத்தால் தண்ணீர் மற்ற வாய்க்காலில் பாய்கிற மாதிரி, ஃபோலேட் டி.என்.ஏ. கட்டும் பக்கம் கூடுதலாகப் போகிறது. டி.என்.ஏ.-வில் தைமின் என்ற எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் யுராசில் என்ற தப்பான எழுத்து நுழைவது குறைகிறது. 1997-ல் அமெரிக்க மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில் டி.டி. ஆண்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஆனால் உடம்பில் ஃபோலேட் குறைந்தவர்களிடம் அந்தப் பாதுகாப்பே காணோம். மது ஃபோலேட்டைக் கெடுக்கும். அந்த வரிக்கு நீ மஞ்சள் கோடு போடவில்லை. வார இறுதி பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அதற்காக மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொண்டால் ஆயிற்று என்றும் இல்லை. ஏற்கனவே பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டி) எடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தினம் 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், அதாவது ஃபோலேட் மாத்திரை, கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. புதுப் பாலிப் வருவது குறையவில்லை. மூன்று, அதற்கு மேல் பாலிப் வந்தவர்கள் மாத்திரை சாப்பிட்ட பக்கம்தான் அதிகம். வைட்டமின் டி-யும் பாலிப்பைத் தடுக்கவில்லை என்று 2015-ல் சொல்லிவிட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அந்த டப்பாவைத் திறக்காதே.

என் கட்டியில் லிஞ்ச் (பரம்பரையாக வரும் குடல் புற்றுநோய்க் கோளாறு) சோதனை செய்து, இல்லை என்றார்கள். உனக்கு அது ஆறுதல்தான். ஆனாலும் எனக்கு வந்தது 48-ல். அப்பா அம்மாவுக்கு இந்த வயதில் வந்திருந்தால் பிள்ளைகள் பத்து வருடம் முன்பே கொலோனோஸ்கோபி (குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பார்க்கவேண்டும் என்பது கணக்கு. உனக்கு இந்த வருடம் 38. டி.டி.-யோ வழக்கமான சி.சி.-யோ, இந்தக் கணக்கு மாறாது. உன் தங்கைக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவள் பதிலாவது போடுகிறாள்.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. மூலம் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் ரத்தம் பட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம். மூலமாகவே இருக்கலாம், முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும். ஆனால் மூலத்திலும் ரத்தம் வரும், மற்றதிலும் வரும். வெளியில் இருந்துகொண்டு இது அதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ரத்தம் பட்ட பிறகு வயதுக் கணக்கெல்லாம் எதற்கு? இந்த வாரமே டாக்டரிடம் போ. நமக்கு இப்படி ஒரு குடும்பக் கதை இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல். நீ பாதியை விழுங்குவாய் என்று எனக்குத் தெரியும்.

சோதனைக்குப் பயப்படாதே. மயக்கத்தில் முடிந்துவிடும். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல வருடம் ஆகும், அந்த அவகாசம்தான் நம் கையில் இருப்பது. கஷ்டம் முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான். நன்றாகக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சு. கடைசி டம்ளர் இறங்காது. அதையும் குடி, குடல் சுத்தமாக இல்லாவிட்டால் திரும்ப வரச்சொல்வார்கள்.

தேதி வாங்கியதும் எனக்கு இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல். ரத்தம் பட்டதை அப்பாவிடம் சொன்னாயா என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதே, சொல்லமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா